அந்த மோட்டார் புதியதுதான்

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. உயிரோடிருந்தவரை நான் அவரை ‘டா’ போட்டே கூப்பிட்டேன். இந்த நினைவு மலரில்தான் முதன்முறையாக மரியாதையோடு எழுதுகிறேன்.

வல்லக்கோட்டைக்கு அருகில் எங்கள் ஊரில், பயிர்த்தொழில் செய்த குடும்பத்தில், என்னைவிட நான்கு வயது இளையவராகப் பிறந்தார். ஒருவரைத்தான் படிக்கவைக்க முடியும் என்றார் அப்பா. நான் கல்லூரிக்குப் போய் இயற்பியல் விரிவுரையாளர் ஆனேன். தம்பி பத்தாம் வகுப்போடு நின்று, கார்களுக்கு ஒயரிங் பார்க்கக் கற்றார். ஒரகடத்தில் தொழிற்சாலைகள் பெருகியபோது சாலையோரம் கடை போட்டார். ஷிப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்களும் கேபுகளும் அங்கே வரிசையில் நிற்கும்.

மழைக்காலத்தில் வருவதெல்லாம் வைப்பர் பழுதுதான். அவர் எடுத்தவுடன் மோட்டாரைக் கழற்ற மாட்டார். முதலில் ஃபியூஸைப் பார்ப்பார். பிறகு சுவிட்சைப் போட்டு, மோட்டாருக்கு வரும் ஒயரில் டெஸ்ட் லேம்பை வைப்பார். லேம்ப் எரிந்தால் கரண்ட் வருகிறது. அடுத்து, மோட்டாரிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்குத் தனியாக ஓர் ஒயரைப் பிடித்துப் பார்ப்பார். வைப்பர் வேகமாக ஓடினால் மோட்டார் நல்லது. காரின் பாடியோடு சேரும் எர்த் இணைப்புதான் கெட்டிருக்கிறது. தேவையில்லாத பாகத்தை அவர் யாருக்கும் மாற்றியதில்லை, எனக்கு ஒருமுறை மாற்றியதைத் தவிர.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில் என் காரின் வைப்பர் இழுத்து இழுத்து நகர்ந்தது. ஹெட்லைட்டைப் போட்டால் கண்ணாடி நடுவிலேயே நின்றது. கடைக்குக் கொண்டுபோனேன்.

“மோட்டார் நல்லாத்தான்ணா கீது. லைட்டு போட்டா டல்லாவுது பாரு, எர்த்து புடிக்கல. மத்தியானம் வரைக்கும் வண்டிய வுட்டுட்டுப் போ” என்றார்.

“முப்பது வருஷம் கரண்ட் பாடம் நடத்தினவன்டா நான். மோட்டார் சூடாவுது, போயிடுச்சு. புதுசு மாட்டு.”

பெஞ்சில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள். “இன்னா மொதலாளி, வாத்தியாராண்ட மாட்டிகினியா?” என்றார் ஒருவர்.

“சரிண்ணா. எர்த்தையும் ஒரு தபா பாத்துடறேன்.”

“வேணாம், எனக்கு நேரமில்ல.”

தம்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

கழற்றி மாட்டியதில் எர்த் போல்ட்டும் சற்று அசைந்து, தற்காலிகமாகப் பிடித்திருக்க வேண்டும். பதினைந்து நாள் வைப்பர் நன்றாக ஓடியது. பிறகு, உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்துக்குப் போகும் வழியில், செம்பரம்பாக்கம் அருகே கொட்டும் மழையில் நின்றுவிட்டது. இறங்கி இறங்கிக் கண்ணாடியைக் கையால் துடைத்து, நனைந்த சட்டையோடு மண்டபத்துக்குள் நுழைந்தேன். பந்தியில் தம்பி உட்கார்ந்திருந்தார்.

“கூடப் பொறந்தவனுக்கே பழைய மோட்டாரப் புதுசுன்னு மாட்டியிருக்கான். அடுத்தவன் வண்டிக்கு இன்னா பண்ணுவான்?” என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன்.

மாற்றச் சொன்னது நான்தான் என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “சாப்ட்டு வாண்ணா, பாத்துடலாம்” என்றார். நான் திரும்பிக்கொண்டேன். அவர் பாதி இலையோடு எழுந்து போனார்.

உங்களில் பலர் அன்று அங்கே இருந்தீர்கள். அதன்பின் சொந்தக்காரர் வண்டி ஒன்றுகூட அவர் கடையில் நிற்கவில்லை. “பழைய மோட்டார் வராரு” என்று விசேஷங்களில் கேலி செய்தார்கள். அவர் விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தினார்.

மறுவாரமே ஸ்ரீபெரும்புதூரில் வேறொரு மெக்கானிக்கிடம் காரைக் காட்டினேன். அவர் எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியிலிருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் முறுக்கினார். வைப்பர் ஓடியது. “மோட்டார் புத்தம் புதுசு சார். இத யாரு மாட்டினது?” என்று கேட்டார். ஒரகடத்தில் கடை வைத்திருக்கும் என் தம்பி என்று சொன்னேன். உங்கள் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. படித்தவன் தவறிவிட்டேன் என்று சொல்ல வெட்கம்.

என் மனைவி காலமான பிறகு வீட்டில் நான் மட்டும். மாலையில் தம்பியின் ஸ்கூட்டர் சத்தம் என் வாசலைக் கடக்கும். அது கேட்கும்வரை டிவியைப் போட மாட்டேன். ஒருநாளும் எழுந்து போய்க் கூப்பிட்டதில்லை.

சிறுநீரகம் செயலிழந்து அவர் மருத்துவமனையில் இருந்தபோது போய்ப் பார்த்தேன். “வண்டி எப்டிண்ணா ஓடுது?” என்றார். “நல்லா ஓடுது” என்றேன். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். பதினோராம் நாள் போய்விட்டார்.

அவரை மாற்றி மாற்றி டயாலிசிஸுக்கு அழைத்துப்போன கேப் டிரைவர்களுக்கு எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் தெற்கேயிருந்து பிழைக்க வந்த அவர்கள்தாம் பாடைக்கும் தோள் கொடுத்தார்கள். கடைசிவரை முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும் நன்றி.

உறவினர்களே, தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. பொய் சொன்னவன் நான். கடையை இப்போது அவர் மகள் நடத்துகிறார். உங்கள் வண்டிகளை அங்கே கொண்டுபோங்கள்.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பி மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“அவருக்கு அப்பவே தெரியும் மாமா” என்றார். “அந்த ஸ்ரீபெரும்புதூர் மெக்கானிக் இவரோட ஒண்ணா வேல செஞ்சவரு, அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு. ‘அண்ணனே வந்து சொல்லட்டும், நீ யாராண்டயும் வாயத் தொறக்காத’ன்னாரு. ஆஸ்பத்திரில நீங்க எழுந்து போனதும், ‘இன்னிக்கு சொல்லிடுவாருன்னு நெனச்சேன்’னு சொல்லிட்டு, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துகினாரு.”

— அண்ணன்