மைதாவுக்குள் இரண்டு கைகள்

ஊரப்பாக்கத்திலிருந்து கருங்குழி வரை, நெருப்போடு மாரடிக்கிற எவரும் இயந்திரத்துக்கு என்ன மசகு போடுவது என்று என்னிடம்தான் வந்து நிற்கிறார்கள். ஐந்தாவதோடு நின்றவள் நான். பெரிய படிப்புப் படித்தவர்கள் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு கேட்க, எது எந்தச் சூட்டில் உருகும், எது எந்தச் சூட்டில் பற்றும் என்று என் மசகுக் கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே சொல்வேன். உட்கார்ந்தபடி என்றா சொன்னேன்? பொய். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. கை எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கும்.

ஒன்பது வயதிலும் அப்படித்தான். அப்பா ஒரு ரொட்டிக் கம்பெனியில் விறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன் தட்டுகளை அடுக்கிய இரும்பு வண்டியைத் தண்டவாளத்தில் தள்ளி அடுப்புக்குள் விடுவார்கள். ஆயுத பூஜைக்கு மறுநாள் முதல் வண்டி உள்ளே போனதும் அப்பாவை மேஸ்திரி ஆக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதைப் பார்க்க என்னையும் அழைத்துப் போனார் அப்பா.

எல்லாம் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்துப் பளபளவென்று இருந்தது, வண்டிச் சக்கரங்களைத் தவிர. அச்சில் கன்னங்கரேலென்று ஏதோ பொடி. பென்சில் ஊசியில் இருக்கிற அதே கரி. அடுப்புச் சூட்டைத் தாங்கும் என்று அப்பாதான் பூசி வைத்திருந்தார். எனக்கோ அது அழுக்கு. அப்பா அடுப்பு வாயில் விறகு தள்ளிக்கொண்டிருந்தபோது நாலு சக்கரத்தையும் கந்தலால் துடைத்தேன். மாவு ஏற்றும் வேனுக்கு வைத்திருந்த மஞ்சள் கிரீஸை டப்பாவோடு எடுத்து வந்து அப்பினேன். அப்படி மின்னியது!

கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டியை உள்ளே தள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் புகை. கிரீஸ் உருகித் தண்டவாளத்தில் ஓடி, குபீரென்று பற்றிக்கொண்டது. அப்பா மணலை வாரி வாரி இறைத்து அணைத்தார். பன் எல்லாம் கரி.

திரும்பிய அப்பா என் கைகளைப் பார்த்தார். இரண்டையும் பிடித்துத் திறந்திருந்த மைதா மூட்டைக்குள் முழங்கை வரை அழுத்தினார்.

முதலாளி ஓடி வந்தார். "இன்னா எழவுடா இது? எவன்டா கிரீஸ் தடவுனது?"

"நான்தான் மொலாளி. நல்ல நாளாச்சே, பளபளன்னு இருக்கட்டுமேன்னு..." என்றார் அப்பா.

"இத்தினி வருசமா அடுப்பாண்ட நின்னுகினுகீற, இதுகூடவா தெரியாது உனக்கு? நீயெல்லாம் மேஸ்திரி! போ, மூட்ட தூக்கு போ!"

"அண்ணாத்த, பன்ன சுடச் சொன்னா வண்டியவே சுட்டுட்டியே!" என்றான் மாவு பிசைகிறவன். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

மேஸ்திரி வேலை இன்னொருவருக்குப் போனது. அப்பா கடைசி வரை மூட்டைதான் தூக்கினார்.

வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை. விறகை அதிகமாகப் போட்டு நெருப்பை வரவழைத்தவர் அவர் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நான் மினுக்கி வைத்ததையும் தான் செய்ததாகச் சொல்லிக்கொள்கிறாரே என்று அவ்வளவு கோபம் எனக்கு. அவர் ஒரு கையால் சைக்கிளைத் தள்ளியபடி, என் நகக்கண்ணில் மாவோடு ஒட்டியிருந்த மஞ்சள் கிரீஸைத் தன் வேட்டி முனையால் துடைத்துக்கொண்டே வந்தார். நான் கையைப் பிடுங்கிக்கொண்டேன்.