விளக்குக் கடைக்கு மேலே எங்கள் வீடு

கீழே மின்விளக்குக் கடை, மேலே எங்கள் வீடு. ‘வீடெங்கும் வெளிச்சம்’ என்ற கடையின் புதிய பெயர்ப்பலகை எங்கள் ஒரே யன்னலை முழுதாக மூடிவிட்டது.

“நானா, பலகையைக் கொஞ்சம் இறக்குங்கோ” என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

“இறக்கினா ரோட்டுக்குத் தெரியாது, சேர்.”

இன்று மத்தியானம் கடைக்காரரை மேலே அழைத்தேன். உள்ளே வந்ததும் கதிரையில் காலை இடித்துக்கொண்டார்.

“யா அல்லா! பகலிலயும் இப்பிடியோ?”

“ஓம் நானா. கீழ நீங்கள் வெளிச்சம் விக்கிறீங்கள், மேல நான் டோர்ச் பிடிச்சு மீன் வெட்டுறன்” என்றாள் மனைவி.

பின்னேரமே பலகை இறங்கியது. வீடு முழுக்க வெயில்! யன்னலில் துறைமுகம், அதில் உண்மையான கப்பல்! சமையலை மறந்து இருவரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

எதிர்க்கடைக்காரர்கள் அனைவரும் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

வெளிச்சத்தை உள்ளே விட்டு, எதிர்க்கடைகளை மட்டும் மறைக்கும் திரைச்சீலை எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.