அகலமான தெருவில் ஆட்டோ ஏன் நின்றது

நகரியில் விசைத்தறிக் குடும்பத்தில் பிறந்த செல்வி, கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்தவள். பதினோரு வருடமாகப் பள்ளிக்கூட ஆட்டோ ஓட்டுகிறாள். வண்டியில் ஒன்பது பிள்ளைகள். எட்டரை மணி அடிப்பதற்குள் அத்தனை பேரையும் பள்ளி வாசலில் இறக்கிவிடுவாள்.

கொர்லகுண்டா பக்கம் அவள் போகும் தெருவை இரண்டு வருடத்துக்கு முன் அகலப்படுத்தினார்கள். வீட்டுக்காரர்கள் முன்பக்க நிலத்தில் சில அடிகளை விட்டுக்கொடுத்தார்கள். பதிலுக்குக் கூடுதல் மாடி கட்ட அனுமதி கிடைத்தது. நான்கு தனி வீடுகள் இருந்த இடத்தில் ஏழு மாடி அபார்ட்மெண்ட் எழுந்தது. இனி வண்டி தடையில்லாமல் போகும் என்றுதான் செல்வி நினைத்தாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே மூன்று நாள் தாமதம். மூன்றாம் நாள் வாசற்கதவைச் சாத்திவிட்டார்கள். பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விட்டாள்.

"நாளைக்கும் இப்படித்தானா செல்வி? நானே ஸ்கூட்டர்ல கொண்டுவிட்டுடட்டுமா?" என்றாள் ஐந்தாம் மாடி ஸுப்ரஜா, மகளின் பையை வாங்கிக்கொண்டே.

"ஒரு வாரம் டைம் குடுங்கம்மா. ரோடு பெருசாயிடுச்சி, வண்டி மட்டும் ஏன் நவுர மாட்டேங்குதுன்னு பாக்கறேன்."

தெருவில் எல்லோரும் மாடியைத்தான் திட்டினார்கள். நாற்பது வீடு, நாற்பது கார் என்றார் டீக்கடைக்காரர். செல்விக்கு அது பொருந்தவில்லை. முன்பு ஆறு தெரு சுற்றிப் பிள்ளைகளை ஏற்றுவாள். இப்போது ஐந்து பேர் இந்த ஒரே கட்டடத்தில் ஏறுகிறார்கள். ஓடும் தூரம் குறைந்திருக்கிறது. பிறகு நேரம் எங்கே போகிறது?

அடுத்த வாரம் தினமும் முன்கூட்டியே வந்து, ஆட்டோவை எதிர்ப்புறம் நிறுத்திவிட்டுப் போனில் குறித்துக்கொண்டாள். ஒரு காலையில் அபார்ட்மெண்டிலிருந்து வெளியே வந்த கார்கள் ஆறே ஆறு. பைக்கும் ஸ்கூட்டரும் முப்பத்தொன்று. வந்த வேகத்தில் போய்விட்டன. ஏழு ஐம்பதுக்குத் தண்ணீர் லாரி வந்தது. உள்ளே நுழைய இடமில்லாமல் தெருவில் குறுக்காக நின்று குழாயை நீட்டியது. இருபத்திரண்டு நிமிடம்! பின்னால் பள்ளிப் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன. வாரம் முழுக்க அதே கதை.

அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் ஹரிபிரசாத்திடம் போனைக் காட்டினாள்.

"மாடி கட்டுனது தப்புன்னு சொல்ல வர்ல சார். உங்க தண்ணி வண்டிதான் ரோட்ட அடச்சிக்கினு நிக்குது."

"போர் வத்திப்போச்சும்மா, நேனேம் சேயாலி, நான் என்ன பண்றது? சீக்கிரம் வான்னா டிரைவர் வரமாட்டான்."

"கேட்டீங்களா சார்?"

அவர் கேட்டதில்லை. செல்வி நம்பர் வாங்கி அங்கேயே லாரி டிரைவர் சிட்டிபாபுவை அழைத்து, காலை ஆறு மணிக்கே வர முடியுமா என்று கேட்டாள்.

"ஆறு மணிக்கு வர்றதுன்னா எனக்கு சந்தோஷம்க்கா! அந்த நேரத்துல கேட் தொறக்க ஆளில்லையே?"

வாட்ச்மேன் ஏழரைக்குத்தான் பூட்டைத் திறக்கிறார். அவருக்கு யாரும் வேறு நேரம் சொன்னதில்லை. ஹரிபிரசாத் தலையைச் சொறிந்துகொண்டு, அன்று மாலையே வாட்ச்மேனிடம் பேசினார்.

திங்கட்கிழமை செல்வியின் ஆட்டோ எட்டு இருபதுக்குப் பள்ளியில் நின்றது. ஸுப்ரஜா மகளை வேறு வண்டிக்கு மாற்றவில்லை.

எதிர்ப்புறம் இன்னும் இரண்டு வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கும் ஏழு மாடிதானாம். செல்வி ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு மேஸ்திரியிடம் போனாள்.

"அண்ணா, தண்ணி லாரி உள்ள வந்து நிக்கிற மாதிரி கேட் வெக்கிறீங்களா?"

அவர் கட்டட வரைபடத்தை எடுத்து மணல் மேல் விரித்தார்.