கெல்டனில் ஓர் ஆள் குறைவு

கெல்டன் ஊராட்சி எனக்குத் தரவேண்டிய கூலி அறுநூற்று நாற்பது டாலர். இரண்டு குளிர்காலத்துப் பாக்கி. அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். நடந்தது எனக்கு. என் பிடரியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இன்றைக்கும் வேர்ப்பதில்லை. கோடையில் கோதுமை மூட்டை ஏற்றும்போதுகூட அந்த இடம் மட்டும் சில்லென்று இருக்கும்.

என் பெயர் ஒனுஃப்ரி. ஊராட்சிக்குக் கூலியாள். பனி வழிப்பது, குழி வெட்டுவது, ஊர் எல்லையில் நிற்கும் பலகைக்கு வர்ணம் அடிப்பது எல்லாம் நான்தான். பலகையில் ஊர்ப் பெயர், அதற்குக் கீழே ஆள் தொகை. ஒரு பிள்ளை பிறந்தால் ஒன்று கூட்டி எழுத வேண்டும். ஒருவர் போனால் ஒன்று குறைத்து எழுத வேண்டும். நான் எழுத்துப் பழகியதே அந்தப் பலகையில்தான், நாற்பது வயதுக்கு மேல், என் மனைவி பராஸ்கா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. கூட்டி எழுதியது மொத்தம் மூன்று தடவை.

தண்டவாளம் போட வந்தவன் தன் மச்சினன் பெயரை வைத்துவிட்டுப் போன ஊர் அது. நான் வந்து சேர்ந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு பேர். தானியக் கிடங்கு நான்கு, விடுதி இரண்டு, பள்ளிக்கூடம் ஒன்று. பிறகு மழை நின்றது. எட்டு வருஷம் வயல்மண் எழுந்து பறந்தது. வங்கிக்காரன் முதலில் போனான், பின்னாலேயே பாதிரியார் போனார். பள்ளிக்கூடத்தில் இப்போது யாரோ பன்றி அடைக்கிறார்கள். 1958 ஜனவரியில் பலகையில் இருந்தது முப்பது.

உண்மையில் இருந்தது இருபத்தொன்று.

முப்பதுக்குக் கீழே இறங்கினால் ஊராட்சியைக் கலைத்துவிடுவார்கள். மானியம் போகும், தபால் ஆபீஸ் போகும், தெருவிளக்கு அணையும். அதனால் ஊர்த் தலைவர் தோர்வால்ட் செத்தவர்களைக் கழிக்க விடவில்லை. சிலுவை நடவும் விடவில்லை. அரசாங்கத்திலிருந்து ஆள் எண்ண வருகிறவன் கல்லறைப் பக்கமும் போவான் என்றார். ஒன்பது குழி. இறுகிய மண்மேல் வைக்கோல் கொளுத்தி, இளக்கி இளக்கி நான் வெட்டியவை. கடைசிக் குழி பராஸ்காவுக்கு.

அவளுக்கு ஒரு கல் வைக்க வேண்டும். கல் வெட்டுகிறவன் இருநூறு கேட்டான். தலைவரிடம் போய் நின்றேன். "மானியம் வரட்டும்ப்பா. மொத்தமா தர்றேன், கல்லு வச்சுக்க. அதுவரைக்கும் வாயைத் திறக்காத" என்றார். நான் திறக்கவில்லை. என் பெண்டாட்டிக்குக் கல் வைப்பதற்காக அவள் உயிரோடு இருப்பதாகச் சொல்ல ஒத்துக்கொண்டேன்.

எண்ணுகிற அதிகாரி ஏழாம் தேதி காலையில் வருவதாகச் சேதி வந்தது. இர்மாவின் காப்பிக் கடையில் தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"நாளைக்கு இருட்டறதுக்குள்ள செத்தவங்களோட எட்டு வீட்டுலயும் விளக்கு ஏத்திரு. வாசப் பனியை வழிச்சிரு. மேசையில ஒரு தட்டு, ஒரு கரண்டி. ஜன்னல் வழியா பார்த்தா ஆள் இருக்கற மாதிரி தெரியணும்."

"உள்ள வந்து பார்த்தா, தலைவரே?"

"இந்தக் குளிர்லயா? காரை விட்டு ஒத்தக் கால வெளிய வைக்க மாட்டான்."

இர்மா சிரித்தாள். "அந்தக் கொல்லன் உசுரோட இருந்தப்பவே தட்டு கழுவ மாட்டான். அழுக்குத் தட்டா வைங்க அண்ணே, அப்பத்தான் நம்புவான்."

"உன் காப்பியை ஒரு வாய் ஊத்தினா கொல்லனே எந்திரிச்சு வந்துருவான், போ." தலைவர் என் பக்கம் திரும்பினார். "உன் வீட்டுல ரெண்டு தட்டு வை. ரெண்டு ஆளுன்னுதான் கணக்கு."

ஆறாம் தேதி நாலரை மணிக்குத் தொடங்கினேன். இருட்டிவிட்டது. மூன்று வீடு ஒன்றும் இல்லை. வழித்தேன், விளக்கு ஏற்றினேன், தட்டு வைத்தேன்.

நாலாவது வீட்டில் விளக்கின் கண்ணாடியைக் கழற்றினேன். சூடாக இருந்தது. அந்த விளக்கு எரிந்து மூன்று வருஷம் இருக்கும். என் கைதான் விறைத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது கொல்லன் வீடு. வெளியே வந்து பத்தடி நடந்த பிறகுதான் மண்வெட்டியை உள்ளே விட்டது தெரிந்தது. திரும்பிப் போனேன். நான் தட்டுக்கு வலப்பக்கம் வைத்த கரண்டி இடப்பக்கம் இருந்தது.

கொல்லன் இடதுகைக்காரன்.

மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். மீதி மூன்று வீட்டையும் எப்படி முடித்தேன் என்று தெரியாது. எட்டாவது வீட்டில் ஒரு வாசனை... அவித்த கோதுமையும் தேனும்.

அப்போதுதான் தேதி உறைத்தது.

பழைய காலண்டர்படி அன்றைக்கு எங்கள் உக்ரேனிய சனத்துக்குக் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. ஜன்னலில் விளக்கு வைப்போம். கோதுமை அவித்துத் தேன் விட்டு, செத்தவர்களுக்கும் மேசையில் ஒரு தட்டு வைப்போம். வா, வந்து சாப்பிடு என்று அதற்குப் பொருள். அன்றைக்கு யாரும் நாற்காலியில் சட்டென்று உட்கார மாட்டார்கள். முதலில் வாயால் ஊதுவார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு ஆவி உட்கார்ந்திருந்தால் அது நகர்ந்துகொள்ளும்.

நான் எட்டு வீட்டில் அழைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஏழே முக்காலுக்கு என் வீட்டுக்கு வந்தேன். காற்று ஊளையிட்டது. ஊர்க்கடைசி வீடு என்னுடையது. இரண்டு தட்டை எடுத்து வைத்தேன். வைக்காமல் இருந்திருக்கலாம். அறுநூற்று நாற்பது டாலர் கண்முன்னால் நின்றது. வைத்தேன்.

 அடுப்போரத்தில் இருந்த அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன்.

ஊதாமல் உட்கார்ந்தேன்.

எட்டு மணி. வாசல் படியில் சத்தம். டப்... டப்... காலணியில் ஒட்டிய பனியைத் தட்டும் சத்தம். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், இன்னொரு தட்டு. அப்படித் தட்டுகிற ஆளை எனக்குத் தெரியும்.

கதவு திறக்கவில்லை.

விளக்கு அணைந்தது.

தேன் வாசனை. பக்கத்தில்.

ஃபூ...

என் பிடரியில். மெதுவாக.

நான் அசையவில்லை. அசைய வரவில்லை.

ஃபூ...

இரண்டாம் தடவை. கொஞ்சம் பொறுமை இழந்தது போல.

பிறகு உட்கார்ந்தாள்.

என் மேல்.

மடியில், மார்பில், பனிக்கட்டி மூட்டை ஒன்றை இறக்கியதுபோல ஒரு பாரம். மூச்சு விட முடியவில்லை. தட்டில் கரண்டி உரசும் சத்தம் மட்டும்.

எட்டு இருபதுக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். உயிருள்ள கை. கேட்டாலே தெரியும். கத்த வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பாரம் எழுந்தது. கதவு திறந்தது. இரண்டு குரல், தணிந்த பேச்சு... காற்றில் ஒன்றும் பிடிபடவில்லை. கதவு மூடியது.

பாரம் திரும்பி வந்தது.

ஃபூ...

விடிந்தபோது தரையில் கிடந்தேன். இரண்டு தட்டில் ஒன்று காலி. என் தட்டில் நான் வைக்காத அவித்த கோதுமை, ஒரு பிடி, உறைந்து கிடந்தது.

ஒன்பது மணிக்குத் தலைவர் தலைதெறிக்க ஓடி வந்தார். "ராத்திரியே வந்துட்டான்ப்பா! காரும் இல்ல ஒண்ணும் இல்ல, ஏழரை ரயில்ல இறங்கி வீடு வீடா தட்டியிருக்கான். என் வீட்டுக்கும் வந்தான். பத்து மணி ரயில்ல போயிட்டான். எட்டு வீடும் பூட்டுன வீடுன்னு எழுதியிருப்பான். போச்சு, எல்லாம் போச்சு."



மூன்று வாரத்தில் முடிவு வந்தது. கெல்டன், இருபத்தொன்பது.

தலைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இருபத்தொன்று வந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். என்னையும் இழுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார். எண்ணியவன் சின்ன வயசுக்காரன். மரியாதையாகப் பேசினான்.

"எல்லா வீட்டுக்கும் போனேனுங்க. நல்ல ஜனங்க. அந்தக் கொல்லர் இடது கையால கைகுலுக்கினாரு, கை என்னமா சில்லுனு இருந்துச்சு. எல்லா வீட்டுலயும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. கடைசி வீட்டுல மட்டும் ஒரு ஆள் குறைஞ்சுது."

"அங்க ரெண்டு பேருங்க!" என்றார் தலைவர்.

"ஒரு அம்மாதான் இருந்தாங்க. 'நான் தனி ஆளுதான், வீட்டுக்காரர் போயி ரெண்டு வருஷமாச்சு. அவருக்குத்தான் அந்த இன்னொரு தட்டு'ன்னாங்க. பாவம், வெளிய வந்து ஜன்னல் வழியா பார்த்தேன், நாற்காலியை ஊதிட்டுத்தான் உட்கார்ந்தாங்க."

எனக்குப் பிடரி சில்லிட்டது.

தலைவர் என் முதுகில் குத்தினார். "சொல்லுப்பா! நீ உசுரோட இருக்கேன்னு சொல்லு! முப்பது ஆயிரும்!"

"நான்தான் அவ வீட்டுக்காரன்" என்றேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "அப்போ அந்தம்மா ஏன் பொய் சொல்லணும்? அவங்களைக் கூட்டிட்டு வாங்க. என் முன்னால சொல்லட்டும், மாத்திடறேன்."

தலைவர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். நாங்கள் வந்துவிட்டோம்.

வசந்தத்தில் ஊராட்சியைக் கலைத்தார்கள். எல்லைப் பலகையைப் பிடுங்கச் சொன்னார்கள். அதுதான் கெல்டனுக்கு நான் செய்த கடைசி வேலை. அதற்கும் கூலி இல்லை. அந்தப் பலகையை அறுத்து ஒன்பது சிலுவை செய்து நட்டேன். இனி யாரிடம் மறைக்க?

பாக்கியைக் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினேன். பதில் வந்தது. கணக்கின்படி ஒனுஃப்ரி காலமாகிவிட்டார். பாக்கியை அவருடைய விதவை ஒரு வருஷத்துக்குள் இத்துடன் உள்ள தாளில் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்ளலாம். தவறினால் தள்ளுபடி.

அடுத்த ஜனவரி ஆறாம் தேதி விளக்கு ஏற்றினேன். ஒரே ஒரு தட்டு வைத்தேன். அந்தத் தாளையும் ஒரு பென்சிலையும் அவளுடைய நாற்காலியில் வைத்துவிட்டு, ஜன்னல், கதவு எல்லாம் சாத்தி, உள் அறையில் போர்வைக்குள் கிடந்தேன். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு கையெழுத்து என்ன கஷ்டம்?

எட்டு மணிக்குப் பனி தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு. நிறுத்தம். ஒன்று.

பிறகு, ஃபூ...

காலையில் தட்டு காலியாக இருந்தது. நாற்காலியும் காலி. பென்சில் சுவரோரம் உருண்டு கிடந்தது. தாள் எட்டடி தள்ளி அடுப்புக்குக் கீழே, கரியில் கவிழ்ந்து கிடந்தது. கையெழுத்து இல்லை.

ஒரு வருஷக் கெடு முடிந்ததும் கடுதாசி வந்தது. அறுநூற்று நாற்பது டாலர் தள்ளுபடி.