முன் சீட்டு டிக்கெட்டு

“கோயிலாண்ட ரெண்டு டிக்கெட்டு எறங்குது, ஓல்டான்!” என்று கத்திக்கொண்டே, அந்த இரண்டு பேரின் கேழ்வரகு மூட்டையையும் தானே இறக்கி வைக்கிறார் கண்டக்டர் லாரன்ஸ். வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கும் அந்த பஸ்ஸில் அவருக்கு மனிதர்களே கிடையாது. எல்லாம் டிக்கெட்டுகள்தான். வாராவாரம் போய்வரும் நான் ‘கண்ணாடி டிக்கெட்டு’.

சில்லறைக்கு இடமில்லாத அவர் பையில் எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் எப்போதும் இடமுண்டு. வளைவுகளில் வயிற்றைப் புரட்டுகிறவர்களுக்குத் திட்டிக்கொண்டேதான் கொடுப்பார். “மலை எறங்கசொல்ல இன்னாத்துக்கு அவ்ளோ ஜாஸ்தி துன்ன?”

போன மாதம், இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம். சாமைக் கொல்லையில் பாம்பு கடித்த சாலம்மாளை அவள் புருஷன் இருசப்பன் தூக்கிக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினார். லாரன்ஸ் அவளை முன் சீட்டில் சாய்த்தார். காலை அசைக்கக் கூடாதென்று அதட்டினார். வழியெல்லாம் பேச்சுக் கொடுத்தார். “தூங்காத தாயி. வூட்ல எத்தினி கோழி கீது, சொல்லு.”

அடிவாரம் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அதற்கு அப்பால், கள்ளக்குறிச்சியிலிருந்து வந்த பஸ் ஒன்றும் மேலே போக வழியில்லாமல் நின்றது. அதைத் திருப்பி, சாலம்மாளை அதில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்பது லாரன்ஸின் கணக்கு. குதித்து இறங்கினார்.

“யோவ், வழி உடுங்க! முன் சீட்டு டிக்கெட்டு போவுது!”

நம் பக்கத்தில் டிக்கெட் போகிறது என்றால் உயிர் போகிறது என்றும் அர்த்தம். வெளியே தண்ணீர் தேடப் போயிருந்த இருசப்பன், “ஐயோ சாலம்மா!” என்று நடுரோட்டிலேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார். மறியல்காரர்கள் கோஷத்தை நிறுத்தி, பிணத்துக்கு வழிவிடுவதுபோல் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கினார்கள். லாரன்ஸ் பதறிப்போனார்.

“பொணம் இல்லய்யா! உசுரோட கீறா! சாலம்மாங்க, பேரு சாலம்மா!”

அந்த பஸ்ஸில் ஒருவரை அவர் பேர் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

மறியலுக்குத் தலைமை தாங்கிய அன்புச்செல்வன், தங்கள் கோரிக்கை எழுதிய துணி பேனரையே அவிழ்த்து விரித்தார். “ஆளுக்கு ஒரு மூலை புடிங்கடா.” சாலம்மாள் அதில் படுத்தபடியே மரத்தைத் தாண்டி எதிர் பஸ்ஸில் ஏறினாள். பணப் பையை டிரைவர் மடியில் போட்டுவிட்டு லாரன்ஸும் கூடவே ஓடினார். வேலைக்கே உலை வைக்கும் காரியம் அது.

மறுநாள் மதியம் அவரைத் தேடிக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். ஓடாமல் நின்ற பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்துகொண்டு, யாரோ ஒரு டிரைவரை வம்புக்கிழுத்துக்கொண்டிருந்தார். இருசப்பன் வந்து எதிரே நின்றார்.

“கண்ணு முழிச்சிட்டா. கஞ்சி கேட்டா.”

லாரன்ஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீ துன்னியா?”

இருசப்பன் தலையைக் குனிந்துகொண்டார். லாரன்ஸ் படியில் நகர்ந்து இடம் விட்டார். பிசைந்த சோற்றில் ஒரு கவளம் உருட்டி, அவர் கையை இழுத்து அதில் வைத்தார்.