அப்புக்காத்தர் பெயரில் ஒரு படிப்புதவி

அப்புக்காத்தர் இறந்த அடுத்த வருடம், அவருடைய நண்பர்கள் அவர் நினைவாக ஆண்டுதோறும் ஓர் ஏழைப் பிள்ளையைப் படிப்பிக்கப்போவதாக ஊருக்கு ஊர் அறிவித்தல் ஒட்டினார்கள். கொலை, களவு, வெட்டுக்குத்து என்று கூண்டில் நின்றவர்களுக்காக வாதாடியே பெயர் எடுத்த மனிதர் அவர். இரண்டாம் உலகச் சண்டைக்காலம் அது. நான் வன்னியில் மரவண்டிகளோடு திரிந்துவிட்டு, காய்ச்சலோடு கோப்பாயில் தங்கை வீட்டில் வந்து விழுந்திருந்தேன்.

தங்கை புருசனை இழந்தவள். வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போய் மகளைப் படிப்பித்தாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். மருமகளுக்கோ ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதிக்கும் உடுப்புக்கும்தான் வழியில்லை. இந்த உதவி கிடைக்காவிட்டால் தை மாதம் அவளும் தாயோடு தோட்டத்தில் இறங்கவேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் ஊரதிகாரியான விதானையார் உறுதிப்படுத்தவேண்டிய வரி ஒன்று இருந்தது: 'இக்குடும்பத்தில் எவரும் நீதிமன்றக் கூண்டில் ஏறியதில்லை.'

தங்கை போய்க் கேட்டபோது விதானையார் பேனையை மூடிவிட்டாராம். "உன்ரை அண்ணன் ஏறினவனெல்லே, பிள்ளை. ஊருக்கே தெரியும். நான் எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது?"

ஏறியது உண்மை. சில வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் கிணற்றுநீர் இறைக்கத் துலா மிதிக்கும் வேலை செய்தேன். ஒருநாள் கயிறு அறுந்து, மேலே நின்று மிதித்தவன் விழுந்து கால் முறிந்தான். அதற்கு முதல் நாள்தான் நான் தோட்டக்காரரோடு வாய்த்தர்க்கப்பட்டு விலகியிருந்தேன். நிலையாக ஓரிடத்தில் இல்லாதவன் வேறு. நான்தான் கயிற்றை அரிந்தேன் என்றார்கள். இரண்டு மாதம் மறியல் வீட்டில் கிடந்தேன்; கஞ்சி மோசமில்லை. அப்புக்காத்தர் அந்தக் கயிற்றையே நீதவானுக்கு முன்னால் கோட்டுக்குக் கொண்டுவரச் செய்தார். கத்தி பட்ட கயிற்றில் புரிகள் ஒரே அளவாக நிற்கும் என்று புதுக்கயிறு ஒன்றை அரிந்து காட்டினார். என் வழக்குக் கயிற்றின் நுனியில் ஒவ்வொரு புரியும் ஒவ்வொரு நீளம். தேய்ந்து அறுந்த கயிறு. நான் வீட்டுக்கு வந்தேன்.

"ஒண்டு செய்யலாம்," என்றாராம் விதானையார். "அவன் தேசாந்தரி. உங்கடை குடும்பத்திலை இல்லை எண்டு எழுதித் தா. நான் வைக்கிறன்."

தங்கை இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தாள்.

"எழுதன்," என்றேன். "வருசத்திலை பத்து மாசம் நான் இல்லாத ஆள்தானே."

மருமகள் படிவத்தை எடுத்து, அந்த வரிக்குக் கீழே, 'எனது மாமா ஏறினார். விடுதலையானார். அவருக்காக வாதாடியவர் தாங்கள் நினைவுகூரும் அப்புக்காத்தரே' என்று எழுதி, விதானையார் கையெழுத்து இல்லாமலே தபாலில் போட்டுவிட்டாள்.

"வாத்தியாராக வரமுதலே எழுத்திலை கொழுப்பு," என்று தங்கை ஒரு கிழமை திட்டினாள்.

சாவகச்சேரியில், அப்புக்காத்தரோடு வழக்குப் பார்த்த ஒரு பிரக்கிராசியார் வீட்டுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. துணைக்கு நான் போனேன். உள்ளே கிழவர் பிரக்கிராசியாரும், ஒரு தலைமை வாத்தியாரும் இருந்தார்கள். நான் வாசலில் நின்றேன்.

வாத்தியார் படிவத்தைத் தட்டினார். "ஏன் பிள்ளை, மாமாவை விட்டிட்டு எழுதியிருந்தால் அலுவல் லேசாய் முடிஞ்சிருக்குமே?"

"அப்ப அப்புக்காத்தர் வெண்ட வழக்கிலை ஒண்டு குறைஞ்சு போமெல்லே, ஐயா."

காரியம் கெட்டது என்றே நினைத்தேன். பிரக்கிராசியார் வாசல் பக்கம் திரும்பினார்.

"ஆரது? கயிற்று வழக்குக்காரனோ? உள்ளுக்கு வாரும்." பிறகு வாத்தியாரிடம், "உந்த வரி எப்பிடி வந்தது, மாஸ்ரர்?"

"வேறை ஒரு நிதியின்ரை படிவத்தைப் பாத்துக் கிளாக்கர் எழுதினது. நீங்களும்தானே கையெழுத்து வைச்சனீங்கள்."

"வாசிக்காமல் வைச்சிட்டன்! கட்சிக்காரருக்கெல்லாம் வாசிக்காமல் வையாதையுங்கோ எண்டு வாய் நோகச் சொல்லுற ஆள் நான். கூண்டிலை ஏறாத சனத்தை அந்த மனுசன் எங்கை ஐயா கண்டார்?"

"அப்ப கள்ளன்ரை பிள்ளைக்கும் குடுப்பமோ?"

"கோட்டிலை விடுதலையான ஆள் கள்ளனில்லை. அந்த மனுசன் சீவியம் முழுக்கச் சொன்னது அது ஒண்டைத்தானே."

வாத்தியார் சிரிக்கவில்லை. பேனையை எடுத்து அந்த வரியைக் குறுக்கே வெட்டினார். பிறகு மருமகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாக வாசித்தார். இந்தமுறை இருவருமே வாசித்தார்கள்.

"தை பதினைஞ்சுக்கு முதல் போய்ச் சேரவேணும், பிள்ளை," என்றார் வாத்தியார் கடைசியில்.

"ஓம் ஐயா. வெள்ளைச் சீலை எத்தினை வேணும்?"

"ரண்டு காணும். ஒண்டைத் தோய்ச்சுப்போட்டு மற்றதை உடுக்கலாம்."

காய்ச்சல் விட்டதும் திருகோணமலைக்குப் போவதாக இருந்தேன். துறைமுகத்தில் வேலை இருந்தது. தை வரை நின்றுவிட்டேன். அவளுடைய பெட்டியைத் தூக்க வீட்டில் ஓர் ஆண்பிள்ளை வேண்டியிருந்தது.