பொட்டு வைத்த கீபோர்டு

நேற்று வீட்டுக்காரரின் செல்போனைப் பழுதுபார்க்க ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு கடையில் நின்றிருந்தேன். கடைக்காரர் ஈயம் பற்றவைத்தபோது எழுந்த புகை, குங்கிலியம் போட்ட மாதிரி மூக்கில் ஏறியது. குங்கிலிய வாசனைக்குச் சாமி நினைவு வரவேண்டும். எனக்குக் கூட வேலை பார்த்த இசக்கி நினைவு வந்துவிட்டது. சாமி மன்னிக்கட்டும்.

அது இரண்டாயிரத்துப் பத்தாக இருக்கும். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் வேலை எனக்கு. பத்தாவது படித்தவளுக்குக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி என்றால், அது பெருமாள் போட்ட நாற்காலிதான். அப்போது எனக்கு ஐந்து மாதம். அதற்கு முந்தினது, அசெம்பிளி லைனில் நின்று நின்றே தங்காமல் போயிருந்தது. நாற்காலி போனால் மறுபடியும் நிற்க வேண்டும். அந்தப் பயம் தூக்கத்திலும் உண்டு.

கீபோர்டுதான் அரதப் பழசு. செங்கல் கனம். ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலும் தனித்தனியாக ஒரு ஸ்விட்ச். வேகமாக அடித்தால் தகரத்தில் மழை பெய்கிற சத்தம். சில நாள் அதைக் கேட்டுக்கொண்டே எங்கேயோ போய்விடுவேன். பூஜ்ஜியமும் என்டரும் தேய்ந்து, மூன்று தரம் கெஞ்சினால்தான் இரங்கும். ஆயுத பூஜைக்கு எல்லாரும் மெஷினுக்கு ஒரு பொட்டு வைத்தார்கள். நான், இதெல்லாம் சரியாகணும் என்று வேண்டிக்கொண்டு, பன்னீரில் தளரக் குழைத்த சந்தனத்தை ஒரு பட்டன் விடாமல் வைத்தேன். பக்தி முற்றினால் இப்படித்தான்.

லீவு முடிந்து வந்து பார்த்தால் பாதி பட்டன் இறங்கவில்லை. இறங்கியது ஏறவில்லை.

"இன்னாம்மா, கீபோர்டாவா கீது இது? அம்மன் சிலையாட்டம் பண்ணி வச்சிக்கினு!" என்றார் சூப்பர்வைசர். "மூணு மணிக்கு வண்டி. ஸ்டிக்கர் வரலன்னா வேற ஆள உக்கார வச்சிடுவாங்க. உனக்கு லைன்தான். நான் ஒண்ணியும் பண்ண முடியாது."

பழுதான சர்க்யூட் போர்டுகளைப் பற்றவைக்கும் மேஜையில் இருந்தவள் இசக்கி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். "ஏ யக்கா, எதுக்கு அழுதிய? பிள்ளைக்கு ஆகாது. சாப்பாட்டு நேரத்துல கொண்டாங்க."

அன்று அவள் சாப்பிடவில்லை. கம்பியை வளைத்துப் பட்டன்களைப் பிடுங்கி என் டிபன் மூடித் தண்ணீரில் போட்டாள். குளத்தில் பூ கிடப்பதுபோல் எழுத்தெல்லாம் மல்லாந்து கிடந்தன. நான் கனவில் இருப்பவள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிட்டும் பிரஷ்ஷுமாக அவள் சந்தனத்தைக் கரைத்து எடுத்தாள்.

"இந்த ரெண்டு ஸ்விட்சும் செத்துப்போச்சு. மேல ஓரத்துல ரெண்டு பட்டன் இருக்கே, இத என்னைக்காவது அமுக்கிருக்கியளா?"

"எதுக்குன்னே தெரியாதேடி."

"அப்ப சும்மாதான இருக்கு. வேலைக்கு வரட்டும்."

சும்மா இருந்த இரண்டு ஸ்விட்சைக் கழற்றி, பூஜ்ஜியத்துக்கும் என்டருக்கும் வைத்துப் பற்றவைத்தாள். எங்கள் இருவருக்கும் நடுவே அந்தப் புகை மெல்ல எழுந்தது.

மூன்று மணிக்குள் ஸ்டிக்கர் வந்துவிட்டது. "சாமி கண்ணத் தொறந்துடுச்சு போல" என்றார் சூப்பர்வைசர். "தொறந்தது ஸ்பிரிட்டு சார்" என்றாள் இசக்கி. அந்த ஸ்பிரிட்டை அவள் கையில் கொடுத்தது யார் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

நாற்காலி நிலைத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போன இசக்கி திரும்பவில்லை, கல்யாணம் என்றார்கள். எனக்கு மாசியில் பெண் பிறந்தது, நல்லபடியாக. சில வருஷத்தில் கம்பெனியையும் மூடிவிட்டார்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில் இப்போது வேலிக்கருவை. இசக்கியின் நம்பருக்கு அடித்தால் யாரோ ஒருவர் இந்தியில் பேசுகிறார். எங்கள் வீட்டில் இப்படி ஒரு பெண் வளர்கிறாள் என்பதே அவளுக்குத் தெரியாது.